கனம் கோர்ட்டார் நம்பும்படியாக ஒரு மனு

கனம் கோர்ட்டார் சமூகத்துக்கு, நாமக்கல் மாவட்டம் கொல்லிமலை அரியூர் நாட்டான் பணிந்து எழுதிக்கொண்ட மனு.

மனுதாரரின் வயதை ஆதார் அட்டைப்படி சொல்லலாம். பிறந்த தேதி ஜனவரி ஒன்று. கோர்ட்டார் ஆச்சரியப்பட வேண்டாம். இந்த மலையில் பெரியவர்கள் பாதிப் பேர் ஜனவரி ஒன்றாம் தேதிதான் பிறந்திருக்கிறார்கள். சர்க்கார் எங்களை அப்படித்தான் பெற்றுப்போட்டிருக்கிறது. தொழில், சில்வர் ஓக் மரத்தில் ஏணி சாத்தி மிளகு பறிப்பது. உபதொழில், சந்தேகத்துக்கு ஆளாவது. சாதி, மலையாளி, பழங்குடி. அதாவது நாமக்கல்லில் பழங்குடி. இதே மலையாளி ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலையில் பிறந்துவிட்டால் பட்டியல் அவனைப் பழங்குடியாகச் சேர்ப்பதில்லை. அங்கே இருக்கிற எங்கள் சனம் அதற்காகக் காலங்காலமாக மனு எழுதிக்கொண்டிருக்கிறது. மாவட்ட எல்லைக் கல்லைத் தாண்டினால் கழன்று விழுந்துவிடுகிற சாதி உலகத்தில் எங்களுடையது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். அது வேறு வழக்கு. இப்போதைக்கு இது.

எதிர்மனுதாரர் யார் என்று கோர்ட்டார் கேட்கலாம். ஆள் இல்லை, அதிகாரி இல்லை. கோர்ட்டாருடைய நம்பிக்கைதான் எதிர்மனுதாரர். சட்டை மேல் பட்டனும் தோளில் பட்டையும் வைத்தவன் சொன்னால் உடனே நம்புகிறது, இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு நிற்பவன் சொன்னால் யோசிக்கிறது என்பது மனுதாரரின் பிராது. அந்த நம்பிக்கை எப்போதும் மேட்டைப் பார்த்தே ஏறுகிறது. நாங்களும் மேட்டில்தான் இருக்கிறோம், கடல் மட்டத்துக்கு ஆயிரம் மீட்டருக்கு மேலே. ஆனாலும் எங்கள் பக்கம் அது ஏறி வந்ததில்லை. காரவள்ளியிலிருந்து கொண்டை ஊசி வளைவு எழுபது இருக்கிறது, தலை சுற்றியிருக்கும்.

வழக்கு மூலம் உண்டான தேதி 1992 ஜூன் 20. இடம், தருமபுரி மாவட்டம் அரூர் வட்டத்தில் சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்தி. மனுதாரருடைய ஊர் அது இல்லை, அதனால் இந்த மனுவுக்கு முகாந்திரம் இல்லை என்று எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்திருப்பார். உட்காரச் சொல்லவும். காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பி மூன்று பேர் கிளம்பி ஆளுக்கொரு மலை ஏறினார்கள் என்பது எங்கள் கதை. எந்த அண்ணன் எந்த மலை என்பதில் மலைக்கு மலை கணக்கு மாறும். ஆனால் கொல்லிமலையும் சேர்வராயனும் பச்சைமலையும் கல்வராயனும் சித்தேரியும் ஒரே சனம் என்பதில் யாருக்கும் தகராறு இல்லை. வாச்சாத்தியில் அடி விழுந்தது பங்காளி வீட்டில்.

சந்தனக்கட்டை பதுக்கியிருக்கிறார்கள் என்று சொல்லி ஊருக்குள் புகுந்தவர்கள் கணக்கு வழக்குக் கட்டில் இருக்கிறது. வனத்துறை 155 பேர், போலீஸ் 108 பேர், வருவாய்த் துறை 6 பேர். ஆக 269. இந்த ஆறு பேர் மேல்தான் மனுதாரருக்குத் தனிப் பிரியம். ஒரு பட்டா மாறுதலுக்கு மூன்று தாசில்தார் மாறுகிறவரைக்கும் நடந்தாலும் இடத்தை வந்து பார்க்காத வருவாய்த் துறை, அன்றைக்கு ஆறு பேராக, கூப்பிடாமலே ஊர் தேடி வந்திருக்கிறது.

ஊர் சனத்தை ஆலமரத்தடியில் உட்காரவைத்து அடித்தார்கள். அதிலிருந்து பெண்களைப் பிரித்து ஏரிப்பக்கம் கொண்டுபோனார்கள். 18 பெண்கள். அதில் பள்ளிக்கூடம் போகிற வயதுப் பிள்ளையும் உண்டு. இந்த ஒரு இடத்தில் மனுதாரர் நக்கல் பேசவில்லை.

அப்புறம் வீடுகளை இடித்தார்கள். தானியத்தை வாரி இறைத்தார்கள். ஆடு கோழிகளை அறுத்துத் தின்றார்கள், மிச்சத்தைக் கிணற்றில் போட்டார்கள், அதன் மேல் டீசல் ஊற்றினார்கள். டீசல் ஊற்றினால் சந்தனக்கட்டை மிதந்து வரும் என்று வன இலாகாவின் கைப்புத்தகத்தில் இருக்கிறதோ என்னவோ. பிடித்தவர்களை அரூர் வன அலுவலகத்துக்குக் கொண்டுபோய் அங்கே ஊர்க்கவுண்டரை நிறுத்தி, அவர் ஊர்ப் பெண்கள் கையிலேயே விளக்குமாற்றைக் கொடுத்து அடிக்கச் சொன்னார்கள். ஊர்க்கவுண்டர் என்றால் மலையில் என்னவென்று கோர்ட்டாருக்குச் சொல்ல வேண்டும். கல்யாணம், காரியம், வரப்புத் தகராறு, அறுத்துக் கட்டுவது எல்லாம் அவர் முன்னால்தான். எங்களுக்குக் கோர்ட்டே அவர்தான். ஒரு கோர்ட்டை விளக்குமாற்றால் அடிக்கவைத்ததற்கு அவமதிப்பு வழக்கு யாரும் போடவில்லை. அந்தச் சட்டம் கட்டடம் இருக்கிற கோர்ட்டுக்கு மட்டும் போலிருக்கிறது.

கடைசியாக 90 பெண்கள், 28 குழந்தைகள், 15 ஆண்கள் என்று ஜெயிலுக்கு அனுப்பினார்கள். கோர்ட்டார் இங்கே கொஞ்சம் கவனிக்க வேண்டும், மனுதாரரின் வழக்கே இதில்தான் இருக்கிறது. இவர்களை ரிமாண்ட் செய்யக் கோர்ட்டுக்கு எவ்வளவு நேரம் பிடித்தது? ஒரு கையெழுத்துப் போடுகிற நேரம். காயத்தைப் பார்க்கவில்லை. தொண்ணூறு பெண்கள் வந்திருக்கிறார்களே, பதினைந்து ஆண்கள்தானே வந்திருக்கிறார்கள், இது என்ன மாதிரிக் கடத்தல் கும்பல் என்று கணக்குப் பார்க்கவில்லை. காக்கிச்சட்டை சொன்னது, கோர்ட்டு நம்பியது. நல்லது, கோர்ட்டுக்குச் சட்டென்று நம்பவும் தெரியும் என்று இதனால் நிரூபணமாகிறது.

இனி மறுபக்கம். தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கத்துக்காரர்கள் விஷயத்தை வெளியே கொண்டுவந்தார்கள். எஸ்.சி., எஸ்.டி. ஆணையத்தின் தென்மண்டல இயக்குநராக இருந்த பாமதி என்ற அம்மாள் ஊருக்கே போய் விசாரித்து, நடந்தது நடந்ததுதான் என்று அறிக்கை கொடுத்தார். மார்க்சிஸ்ட் கட்சியின் அ. நல்லசிவன் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். அது உயர் நீதிமன்றத்துக்குப் போகச் சொன்னது. உயர் நீதிமன்றத்தில் முதலில் என்ன ஆயிற்று? பொறுப்பான பதவியில் இருக்கிற அதிகாரிகள் இந்த அளவுக்குக் கீழே இறங்கியிருப்பார்கள் என்று நம்புவது கஷ்டம் என்ற தோரணையில் மனு தள்ளுபடி ஆயிற்று.

நம்புவது கஷ்டம்! கிணற்றில் டீசல் நாறுகிறது, ஊரில் கூரை இல்லை, ஜெயிலில் குழந்தைகள் இருக்கிறார்கள். ஆனாலும் நம்புவது கஷ்டம். ஏன் என்றால் அவர்கள் பொறுப்பானவர்கள். பொறுப்பானவர்கள் என்று எப்படித் தெரியும்? அதிகாரிகளாக இருக்கிறார்களே, அதனால்.

இது வாச்சாத்தியில் தொடங்கிய பழக்கம் இல்லை. 1968 டிசம்பர் 25-ஆம் தேதி கீழ்வெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிந்து செத்தார்கள். கீழ்க்கோர்ட்டு மிராசுதார்களுக்குத் தண்டனை கொடுத்தது. மேல்முறையீட்டில் உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. நிலபுலமும் காரும் வைத்திருக்கிற பெரிய மனிதர்கள், ஆட்களை ஏவாமல் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்பது நம்பும்படியாக இல்லை என்று தீர்ப்பில் எழுதினார்கள். கார் வைத்திருப்பவன் நடக்க மாட்டான். பதவி வைத்திருப்பவன் கீழே இறங்க மாட்டான். இதைத்தான் மனுதாரர் சொல்கிறார்: கோர்ட்டாருடைய நம்பிக்கை சொத்து மதிப்பு பார்த்துத்தான் வேலை செய்கிறது. மனுதாரரிடம் கார் இல்லை. நடந்துதான் போகிறார். ஆகவே தீயும் வைப்பார், கட்டையும் கடத்துவார். சட்டப்படி சரியாகத்தான் இருக்கிறது.

பிறகு 1995-ல் அதே உயர் நீதிமன்றம் சி.பி.ஐ. விசாரணைக்கு உத்தரவு போட்டது. 1996-ல் 269 பேர் மீதும் குற்றப்பத்திரிகை. அப்புறம் வாய்தா. எங்கள் கொல்லிப்பாவை சிரித்தே ஆளைக் கொல்வாள் என்று பழங்கதை சொல்லும். வாய்தா சிரிக்கக்கூடச் சிரிக்காது. வழக்கு கோயம்புத்தூர், கிருஷ்ணகிரி, தருமபுரி என்று ஊர் ஊராகப் போக, அந்தப் பெண்கள் கூலியை விட்டுவிட்டுப் பின்னாலேயே போனார்கள். எந்த ஊர்க் கோர்ட்டில் கூண்டில் ஏறினாலும் அதே ஏரி, அதே நாள், முதலிலிருந்து சொல்ல வேண்டும். எதிர்த்தரப்பு வக்கீல் ஒருவர் இல்லை, பலர்.

2011 செப்டம்பர் 29-ஆம் தேதி தருமபுரியில் நீதிபதி குமரகுரு தீர்ப்புச் சொன்னார். எல்லோரும் குற்றவாளிகள். 17 பேருக்குப் பாலியல் வன்கொடுமைக் குற்றத்தில் தண்டனை. 12 பேருக்கு 10 ஆண்டு, 5 பேருக்கு 7 ஆண்டு. மற்றவர்களுக்கு ஓராண்டு, இரண்டாண்டு, மூன்றாண்டு. ஆனால் தீர்ப்பைக் கேட்க இருந்தவர்கள் 215 பேர்தான். 54 பேர் அதற்குள் செத்துப்போயிருந்தார்கள். கோர்ட்டாரிடம் சொல்லிக்கொள்ளாமல், ஜாமீன் ரத்தாகிற பயமும் இல்லாமல், வேறு பெரிய கோர்ட்டுக்குப் போய்விட்டார்கள். உயிரோடு இருந்தவர்களும் அந்தப் பத்தொன்பது வருசத்தைச் சும்மா கழிக்கவில்லை. சம்பளம் வாங்கினார்கள், இன்க்ரிமென்ட் வாங்கினார்கள், பலர் பணி ஓய்வு விழாவில் மாலை போட்டுக்கொண்டு பென்ஷனுக்கும் போனார்கள். தாமதமாக வந்தது நீதி என்று பத்திரிகைகள் எழுதின. மனுதாரர் ஒப்புக்கொள்ளவில்லை. தாமதம் நீதிக்கு வந்த நோய் இல்லை. குற்றவாளிகளுக்குக் கோர்ட்டார் செலவில் வைத்துக் கொடுத்த சீனியர் வக்கீல் அது. பீஸ் வாங்காமல் பத்தொன்பது வருசம் வாதாடியது, பாதியில் ஒரு வாய்தாகூட ஆஜராகாமல் இருந்ததில்லை.

இந்த இடத்தில் கோர்ட்டார் சலிப்படையாமல் இருக்க வெளிநாட்டு முன்தீர்ப்பு ஒன்றைச் சமர்ப்பிக்கிறேன். எங்கள் அரியூர் நாட்டில் டீக்கடை ஒன்று உண்டு. அங்கே செல்போன் டவர் கிடைக்கிற பெஞ்சு ஒன்று உண்டு. அதில் உட்கார்ந்து மருமகன் முறைப் பையன் ஒருவன் செய்தி சொன்னான்.

“மாமா, அமெரிக்காவுல டிரம்ப்பு மேல 34 குத்தம் போட்டாங்களாம். 2024 மே மாசம் முப்பத்தி நாலும் நிரூபணம் ஆயிருச்சாம்.”

“அடேயப்பா. இப்ப எந்த ஜெயில்ல இருக்காரு?”

“வெள்ளை மாளிகையில.”

“அது எந்த ஊரு ஜெயிலு?”

பையன் சிரித்துக்கொண்டே மீதியைப் படித்தான். 2025 ஜனவரி 10-ஆம் தேதி தண்டனை சொல்கிற நாள். குற்றவாளிதான், ஆனால் ஜெயில் இல்லை, அபராதமும் இல்லை, நிபந்தனையும் இல்லை, போகலாம் என்று நீதிபதி சொல்லிவிட்டார். பத்தாம் நாள் அவர் ஜனாதிபதியாகப் பதவி ஏற்றார். அன்றைக்கே, நாடாளுமன்றக் கட்டடத்தில் புகுந்து கலவரம் செய்த வழக்கில் மாட்டியிருந்த சுமார் 1,500 பேருக்கு மன்னிப்புக் கொடுத்தார். பெஞ்சில் இருந்த பெரியவர் ஒருவர் டீயைக் குடித்து முடித்து, “நம்ம பக்கம் இன்னும் கொஞ்சம் நாகரிகம் மாப்ள, இங்க செத்தப்புறம்தான் விடுதலை பண்றாங்க” என்றார்.

ஆனால் அமெரிக்காவில் இன்னொரு வழக்கும் நடந்தது. 2020 மே 25-ஆம் தேதி மினியாபொலிஸ் நகரத்தில் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவரின் கழுத்தில் ஒரு போலீஸ்காரர் ஒன்பது நிமிடத்துக்கு மேல் முழங்காலை ஊன்றிக் கொன்றார். போலீஸ் முதலில் வெளியிட்ட குறிப்பில் முழங்கால் இல்லை, கழுத்தும் இல்லை. உடம்புக்கு முடியாமல்போய் ஆள் இறந்ததாக இருந்தது. எந்த ஊர்ப் போலீசுக்கும் முதல் அறிக்கையில் ஒரே கையெழுத்துதான். அங்கே நின்றிருந்த 17 வயதுப் பெண் ஒருத்தி செல்போனில் படம் எடுத்து வைத்திருந்தாள். பதினோரு மாதத்துக்குள் குற்றவாளி என்று தீர்ப்பு, பிறகு இருபத்திரண்டரை ஆண்டு தண்டனை. சிவில் வழக்கில் அந்த நகரம் குடும்பத்துக்கு 2 கோடியே 70 லட்சம் டாலர், நம் கணக்கில் 200 கோடி ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவாக, கொடுத்து முடித்தது. அங்கே மட்டும் நியாயதேவதை கண்ணைத் திறந்து வைத்திருக்கிறாள் என்று நினைத்துவிட வேண்டாம். 1955-ல் மிசிசிப்பியில் எம்மட் டில் என்ற 14 வயதுக் கறுப்பினப் பையனைக் கொன்றவர்களை விடுதலை செய்ய வெள்ளைக்கார ஜூரிகளுக்கு ஒரு மணி நேரத்துக்குமேல் சில நிமிடங்கள்தான் ஆயிற்று. தாய் சொன்னதை நம்பவில்லை, சாட்சி சொன்னதை நம்பவில்லை. அப்போது செல்போன் இல்லை. வாச்சாத்தியிலும் இல்லை. 18 பெண்கள் வாயால் சொன்னால் பத்தொன்பது வருசம், ஒரு செல்போன் சொன்னால் பதினோரு மாதம். மனுஷி பேசினால் வாக்குமூலம், மெஷின் பேசினால் சாட்சியம்.

அங்கேயும் இங்கேயும் ஒரே ஒரு வித்தியாசம் பார்த்தேன். அங்கே ஒருவன் குற்றவாளி ஆனபிறகும் ராஜா ஆகலாம். இங்கே ஒருவன் குற்றம் செய்யாமலேயே கைதி ஆகலாம். ஆந்திராவில் ஆகியிருக்கிறார்கள். 2013 டிசம்பரில் திருப்பதி மலைக்காட்டில் இரண்டு வன அதிகாரிகள் கொல்லப்பட்டார்கள். செம்மரம் வெட்டப் போனவர்கள் என்று நம் மாநிலத்து ஆட்களை நூற்றுக்கணக்கில் பிடித்து உள்ளே போட்டார்கள். இரண்டு வருசத்துக்குமேல் கழித்து, 2016-ல், திருப்பதி கோர்ட்டு அவர்களை விடுதலை செய்தது. இத்தனை நூறு பேரும் சேர்ந்து இரண்டு பேரைக் கொன்றார்கள் என்பதை நம்புவதில் அந்த இரண்டு வருசமும் யாருக்கும் கஷ்டம் இருக்கவில்லை.

அதற்கு நடுவில், 2015 ஏப்ரல் 7. சேஷாசலம் காட்டில் ஆந்திரச் செம்மரக் கடத்தல் தடுப்புப் படை 20 தமிழர்களைச் சுட்டுக் கொன்றது. திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டங்களின் மலைக்காரர்கள் அதில் பலர். சித்தேரி மலைக்காரர்களும் உண்டு. வாச்சாத்திக்கு மேலே நிற்கிறதே, அதே சித்தேரி. கல்லையும் அரிவாளையும் கொண்டு தாக்கினார்கள், தற்காப்புக்குச் சுட்டோம் என்றது போலீஸ். பஸ்ஸிலிருந்து ஆளை இறக்கிக்கொண்டு போனார்கள் என்றார்கள் தப்பி வந்தவர்கள். இருபது பிணம் ஒரு பக்கம், மறுபக்கம் செத்த போலீஸ்காரர் ஒருவர்கூட இல்லை. இதில் எது நம்பும்படியாக இருக்கிறது என்று மலைக்காரன் ஒருவனைக் கேட்டால் டீ ஆறுவதற்குள் சொல்லிவிடுவான்.

கோர்ட்டார் எங்களைப் பார்க்கிற இடம் எது என்றும் சொல்லிவிடுகிறேன். நாட்டுத் துப்பாக்கி வைத்திருந்தான், காட்டில் விறகு எடுத்தான் என்று ஒரு கேஸ் இருக்கும். முதல் பஸ்ஸைப் பிடித்து எழுபது வளைவையும் இறங்கி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு கோர்ட்டு வராண்டாவில் நிற்போம். டவாலி பேரைக் கூப்பிடுவார். எங்கள் பேரை மூன்று தடவை கூப்பிட்டாலும் மூன்று தடவையும் வேறு வேறு பேராக இருக்கும். அது தன் பேர்தான் என்று தெரியாமல் ஒருவன் நின்றுவிட்டால் அன்றைக்கே பிடிவாரண்ட். ஒருமுறை ஆஜராகாததற்குக் கோர்ட்டார் எங்களை மலை ஏறித் தேடிப் பிடிக்கிறார்கள். அப்போது மட்டும் வளைவு எழுபதும் கண்ணுக்குத் தெரிவதில்லை.

மனுதாரர் நன்றி கெட்டவர் என்று கோர்ட்டார் நினைக்கக்கூடாது. 2023 மார்ச்சில் உயர் நீதிமன்ற நீதிபதி வேல்முருகன் வாச்சாத்திக்கே நேரில் போனார். ஊரைப் பார்த்தார், ஏரியைப் பார்த்தார், சனத்திடம் பேசினார். சம்பவம் நடந்து முப்பது வருசம் கழித்து என்றாலும் போனார். கார் வைத்திருப்பவர்களும் நடப்பார்கள் என்பதற்கு அவரே சாட்சி. அந்த வருசம் செப்டம்பர் 29-ஆம் தேதி, தருமபுரித் தீர்ப்பு வந்த அதே தேதியில், பன்னிரண்டு வருசமாகக் கிடந்த மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்தார். குற்றவாளிகளை உள்ளே கொண்டுபோகச் சொன்னார். அப்போதைய கலெக்டர், எஸ்.பி., மாவட்ட வன அலுவலர் மீது நடவடிக்கை எடுக்கச் சொன்னார். உண்மையான கடத்தல்காரர்களையும் பெரிய புள்ளிகளையும் காப்பாற்றத்தான் இந்த அப்பாவிகளைப் பலி கொடுத்தார்கள் என்று எழுதினார். மலையில் ஆடு மேய்க்கிற பையனுக்கு 1992-லேயே தெரிந்த சங்கதி. கோர்ட்டுக் காகிதத்தில் ஏற முப்பத்தொரு வருசம் ஆயிற்று, ஆனாலும் ஏறியது.

பாதிக்கப்பட்ட பெண்கள் ஒவ்வொருவருக்கும் 10 லட்சம் ரூபாய், அதில் பாதியைப் பாலியல் குற்றவாளிகளிடமிருந்தே வசூலிக்க வேண்டும் என்றும் உத்தரவு. குற்றவாளி பாக்கெட்டில் கைவைத்த அந்தப் பாதி, அமெரிக்காவின் 200 கோடியைவிட மனுதாரருக்குப் பிடித்திருக்கிறது. அங்கே கொடுத்தது கொன்றவன் பணம் இல்லை, நகராட்சிப் பணம். ஆனால் ரொக்கத்தையும் எண்ணிப் பார்க்கத்தானே வேண்டும். 10 லட்சத்தை 1992 ஜூன் 20-லிருந்து 2023 செப்டம்பர் 29 வரைக்கும் நாள் கணக்கில் பிரித்தால் ஒரு நாளுக்கு 88 ரூபாய்கூட வரவில்லை. அந்த 2023-ல் நூறு நாள் வேலையில் ஏரிக்கரையில் மண் அள்ளினால் ஒரு நாளைக்கு அதைப்போல மூன்று மடங்குக்கு மேல் சம்பளம் இருந்தது. அதே ஏரிக்கரைதான்.

ஆகவே கனம் கோர்ட்டார் தயவு செய்து கீழ்க்கண்டபடி உத்தரவு போட வேண்டியது.

பொறுப்பான அதிகாரி இப்படிச் செய்திருப்பார் என்று நம்ப முடியவில்லை என எழுதுவதற்கு முன்னால், அதே பேனாவால், பொறுப்பில்லாத மலைக்காரி எதற்காக இப்படி ஒரு பொய்யைத் தன் மேலேயே சொல்லிக்கொள்வாள் என்பதற்கும் ஒரு வரி எழுத வேண்டும். காக்கிச்சட்டை கொண்டுவந்து நிறுத்துகிறவனை ரிமாண்ட் செய்ய எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறார்களோ, அவன் காக்கிச்சட்டை மேல் கொடுக்கிற பிராதை நம்பவும் அதே நேரம்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். பத்து நிமிடம் என்றால் இரண்டுக்கும் பத்து நிமிடம், பத்தொன்பது வருசம் என்றால் இரண்டுக்கும் பத்தொன்பது வருசம். அதற்குள் எங்களில் யார் செத்தாலும் பேரை அடித்துவிடாமல் வழக்கில் வைத்திருக்க வேண்டும். குற்றம் சாட்டப்பட்ட அதிகாரியின் பணி ஓய்வு விழாவுக்குப் பிராது கொடுத்தவர்களையும் அழைக்க வேண்டும். மாலை நாங்கள் கொண்டுவருகிறோம், கொல்லிமலைப் பூ. அடுத்த பெரிய தீர்ப்பையும் செப்டம்பர் 29-க்கே வைத்துக்கொள்ளவும். மிளகுப் பறிப்பு தைக்கு மேல்தான், அந்த மாதத்தில் எங்களுக்கு வேலை கொஞ்சம் குறைவு, வந்து நிற்கத் தோதுப்படும்.

இந்த மனுவில் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டவில்லை. ஒட்டியிருப்பதாக நம்பிக்கொள்ளவும். பொறுப்பான அதிகாரி ஒருவர்தான் ஒட்டினார்.

இப்படிக்கு,
அரியூர் நாட்டான்
(இடது கைப் பெருவிரல் ரேகை)